ஹாஃபெல் ஆற்றோடு சைக்கிளில்

பெர்லினிலிருந்து வடக்கே ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் வாரன் என்ற சிறு நகரம் வந்துவிடும். அதன் விளிம்பில் மியூரிட்ஸ் ஏரி. 117 சதுர கிலோமீட்டர் பரப்பு. முழுக்க ஜெர்மனி எல்லைக்குள்ளேயே அடங்கிய ஏரிகளில் இதைவிடப் பெரியது கிடையாது. அங்கிருந்து தெற்கே பெர்லின் வரை ஏரி, காடு, மறுபடி ஏரி, மறுபடி காடு என்றே நிலம் போகும். நடுவில் சின்னச் சின்ன ஊர்கள். இந்த வழியைச் சைக்கிளில் கடப்பது பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கெல்லாம் பயிற்சி பெற்ற உடம்பு வேண்டாமா? வேண்டாம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், நடுநடுவே இறங்கி உட்கார்ந்து எழுந்து, மிதிக்க முடிந்தால் போதும். அறுபதைத் தாண்டிய தம்பதிகள் இந்த வழியில் பை கட்டிக்கொண்டு போவதைக் கோடை முழுக்கப் பார்க்கலாம். ஜெர்மனியில் படிக்கிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்து இரண்டு மாதம் தங்குகிற பெற்றோர் என யாருக்கும் இது எட்டாத காரியம் இல்லை. கால் வலுவைவிட முன்யோசனைதான் அதிகம் வேண்டும்.

எந்த வழி? பெர்லினையும் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனையும் இணைக்கும் நெடுந்தூர சைக்கிள் வழி ஒன்று இருக்கிறது. அதில் ஜெர்மனியின் ஏரிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். வழிகாட்டிப் புத்தகங்கள் பெர்லினில் தொடங்கி வடக்கே போகச் சொல்லும். நான் சொல்வது நேர் எதிர்: ரயிலில் வாரன் வரை போய்விடுங்கள், அங்கிருந்து தெற்கே மிதித்து வாருங்கள்.

ஏன் திருப்பிச் சொல்கிறேன்? முதல் காரணம் காற்று. இந்தச் சமவெளியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். வடமேற்காகப் போனால் அது முகத்தில் மோதும். தென்கிழக்காக வந்தால் முதுகில் கை வைத்துத் தள்ளும். பாரம் ஏற்றிய சைக்கிளில் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் ரயில். தெற்கே வர வர பெர்லின் நெருங்கும், ரயில்களும் கூடும். முட்டி வலித்தாலோ, மழை விடாமல் பிடித்துக்கொண்டாலோ, அன்றே வண்டியேறி வீடு திரும்பலாம். புதிதாகப் போகிறவருக்கு இந்த ஒரு தைரியம் பெரிய துணை.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹாஃபெல் ஆறு இந்த ஏரிக்காட்டில்தான் பிறக்கிறது. வாரனுக்குக் கிழக்கே அங்கர்ஸ்ஹாகன் என்ற ஊர்ப்பக்கம் அதன் ஊற்றுமுகம். அங்கே அது ஒரு தாவலில் தாண்டக்கூடிய ஓடை. நீங்கள் இறங்க இறங்க அது ஏரி ஏரியாக நுழைந்து வெளியே வந்து, அகன்று, படகு சுமந்து, கடைசியில் பெர்லினுக்குள் போகிறது. மொத்த நீளம் 334 கிலோமீட்டர். ஆனால் ஊற்றுக்கும் எல்ப நதியில் கலக்கும் இடத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் வெறும் 94 கிலோமீட்டர்தான். அவ்வளவு வளைவு. ஆறு உங்களோடு வளர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

ஆற்றோடு இறங்குவதால் மிதிப்பது சுலபமாகுமா என்று கேட்பீர்கள். ஆகாது. ஊற்றிலிருந்து பெர்லின் வரை இறக்கம் ஏறத்தாழ 30 மீட்டர்தான், காலுக்கு அது தெரியாது. உதவுவது காற்று மட்டுமே.

இனி பாதையைப் பற்றி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் ஊரில் ஏரி என்றால் பெரும்பாலும் மனிதர் கரை கட்டித் தேக்கிய நீர். கரை மேலேயே வண்டி போகும். இந்த ஏரிகளை யாரும் கட்டவில்லை. கடைசிப் பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து இறங்கி வந்த பனிப்பாளம் இந்த நிலத்தை மூடிக் கிடந்தது. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் அது உருகிப் பின்வாங்கியபோது பெரும் பனிக்கட்டிகள் மண்ணுக்குள் புதைந்து தங்கிவிட்டன. அவையும் பின்னால் உருக, பள்ளங்கள் ஏரிகளாயின. பனிப்பாளத்தின் முனையில் குவிந்த கல்லும் மண்ணும் சிறு குன்றுகளாயின. உருகி ஓடிய நீர் அடித்துப்போட்ட மணல், பரந்த மணல்வெளியாகி, இன்று அதன் மேல் பைன் காடு நிற்கிறது.

இந்தக் கதை உங்களுக்கு எதற்கு? உங்கள் சக்கரத்துக்குக் கீழே இருப்பது அதுதான். ஏரியைச் சுற்றிக் கரைச்சாலை கிடையாது, நாணல்தான் உண்டு. பாதை ஏரியை விட்டு விலகிக் காட்டுக்குள் போய், ஒரு மேட்டில் ஏறி, மறுபடி தண்ணீரைத் தொடும். காட்டுக்குள் போனால் மணல். கிராமத்துக்குள் போனால் அந்தப் பனிப்பாளம் கொண்டுவந்து போட்ட கற்களைப் பாவிய பழைய சாலை.

வழியில் நான்கு வகைத் தரை வரும். சைக்கிளுக்கென்றே போட்ட தார்ப் பாதை முதலாவது, அதில் கவலையே இல்லை. மரவேர் தூக்கிவிட்ட மேடுகளை மட்டும் பார்த்து ஓட்டுங்கள். இரண்டாவது, கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் கூட்டுப்பண்ணை டிராக்டர்களுக்காகப் பதித்த கான்கிரீட் பலகைப் பாதை. இணைப்புக்கு இணைப்பு டக் டக் என்று இடித்துக்கொண்டே வரும். பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் முன்சக்கரம் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, கருங்கல் பாவிய ஊர்ச்சாலை. மழையில் வழுக்கும். ஓரமாக ஒற்றையடி மண்தடம் இருக்கும், ஊர்க்காரர்கள் அதில்தான் ஓட்டுகிறார்கள். நீங்களும் அதைத் தேடுங்கள்.

நான்காவதுதான் மணல். முதல்முறை போனபோது நான் 28 மில்லிமீட்டர் அகல டயர் போட்டிருந்தேன், நகரத்துக்குப் பொருத்தமான மெல்லிய டயர். காட்டுக்குள் ஒரு திருப்பத்தில் முன்சக்கரம் கத்தி மாதிரி மணலுக்குள் இறங்கியது. ஹேண்டில்பார் தானாகத் திரும்ப, பக்கவாட்டில் சாய்ந்தேன். அடி இல்லை. ஆனால் அடுத்த இரண்டு கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டே கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதன்பின் 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு அந்தப் பக்கம் போவதில்லை. நீங்களும் போக வேண்டாம். டயரில் காற்றையும் கல் மாதிரி ஏற்றாதீர்கள். கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும். மணல் வந்ததும் கியரைக் குறைத்து, உடம்பைச் சீட்டில் பின்னுக்குத் தள்ளி, நிற்காமல் மிதியுங்கள். நடுவில் பிரேக் பிடித்தால் விழுவீர்கள்.

ஆகவே கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். பாரத்தோடு தார்ப் பாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறவர், மணலிலும் கல்லிலும் அதில் பாதிதான் போவார். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வைத்துக்கொண்டால் பாதையையும் ரசிக்கலாம், இரவு தூக்கமும் வரும்.

சைக்கிள் இல்லாதவர் என்ன செய்வது? வாரனில் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். நம் திட்டம் பெர்லினில் முடிவதால் பெர்லினில் வாடகைக்கு எடுத்து ரயிலில் ஏற்றிப் போவதே வசதி. பையை முதுகில் மாட்டாதீர்கள். பின் கேரியரில் இருபுறமும் தொங்கும் பக்கப் பைகளையும் சேர்த்து வாடகைக்குக் கேளுங்கள். உதிரி டியூப் ஒன்று, பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் கட்டாயம். கிராமங்களில் பஞ்சர் கடை கிடையாது.

ரயிலில் சைக்கிளை விடுவார்களா? விடுவார்கள். பெர்லினையும் ரோஸ்டாக் துறைமுக நகரையும் இணைக்கும் வட்டார ரயிலில் (ஊர் ஊராக நிற்கும் வண்டி) ஏறுங்கள். சைக்கிள் படம் போட்ட பெட்டி இருக்கும். உங்கள் டிக்கெட்டோடு சைக்கிளுக்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். மாதம் முழுவதும் நாடெங்கும் போகும் ஜெர்மனி டிக்கெட் கையில் இருந்தாலும் அது உங்களுக்கு மட்டுமே, சைக்கிளுக்குச் செல்லாது. இது தெரியாமல் அபராதம் கட்டியவர்கள் உண்டு. டிக்கெட் இருந்தாலும் இடம் உறுதியில்லை. கோடையில் வெள்ளி மாலையும் சனி காலையும் வடக்கே போகும் பெட்டி நிரம்பி வழியும், ஞாயிறு மாலை தெற்கே வரும் பெட்டி நிரம்பும். செவ்வாய், புதன் கிழமைகளில் கிளம்புங்கள். தண்டவாள வேலைக்காகச் சில வாரங்கள் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், அதில் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். முதல் நாள் இரவே ஒருமுறை சரிபாருங்கள்.

சாலை விதிகளில் முதலில் மனதில் பதிய வேண்டியது: அங்கே வலதுபுறம் ஓட்ட வேண்டும். பெரிய சாலையில் இது மறக்காது. ஆளில்லாத கிராமத் தெருவில், களைப்பில், கை தானாக இடப்பக்கம் போகும். பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு முதலில் வழிவிட வேண்டும். நீல வட்டத்தில் சைக்கிள் படம் இருந்தால் அந்தச் சைக்கிள் பாதையில்தான் போக வேண்டும், சாலையில் போகக் கூடாது. முன்விளக்கு, பின்விளக்கு, மணி கட்டாயம். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை. மணலிலும் கல்லிலும் விழ வாய்ப்பிருக்கிற வழி இது, போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? மே முதல் செப்டம்பர் வரை. ஜூனில் இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும், அவசரமே இல்லாத நாள்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் கொசுவும் அதிகம். எனக்குச் செப்டம்பர்தான் பிடிக்கும். கூட்டம் கலைந்திருக்கும். சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் தெற்கே பறக்குமுன் ஆயிரக்கணக்கில் இங்கே கூடும். மாலையில் அவை ஏரிக்குத் திரும்பும் குரல் கண்ணுக்குத் தெரியுமுன்பே காதுக்கு வந்துவிடும்.

முதல் நாளை வாரனிலேயே கழியுங்கள். பக்கத்தில் ஃபெடரோ என்ற சிற்றூர் வரை சைக்கிளில் போய்ப் பழகலாம். அங்கே மின்கோபுர உச்சியில் விராலடிப்பான் கூடு கட்டியிருக்கும். மீனைக் காலில் தொங்கவிட்டுக்கொண்டு வரும் பறவை அது. வெண்வால் கடற்கழுகும் இந்தப் பகுதியில் உண்டு. சிறகு விரித்தால் 2.4 மீட்டர் வரை இருக்கும்.

மியூரிட்ஸ் தேசியப் பூங்கா இங்கே தொடங்குகிறது. 1990 அக்டோபர் 1 அன்று, இரு ஜெர்மனிகளும் ஒன்றாவதற்கு இரண்டு நாள் முன் பிறந்த பூங்கா, 322 சதுர கிலோமீட்டர். அதற்குமுன் இந்தக் காட்டில் பெரும்பகுதி ராணுவப் பயிற்சிக்கும் ஆட்சியாளர்களின் வேட்டைக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. மக்கள் நுழையாததால்தான் காடு தப்பியது. ஆனால் அதற்கு ஒரு பின்விளைவும் உண்டு: மண்ணுக்குள் பழைய வெடிபொருள்கள் இன்னும் கிடக்கின்றன. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் பாதையை விட்டு ஓரடிகூட உள்ளே போகாதீர்கள், ஒதுங்குவதற்கும்தான்.

இரண்டாம் நாள் அங்கர்ஸ்ஹாகன். டிராய் நகரைத் தோண்டியெடுத்த ஹைன்ரிஷ் ஷ்லீமான் சிறுவயதில் வளர்ந்த ஊர். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம், தோட்டத்தில் பெரிய மரக்குதிரை நிற்கிறது. குழந்தைகளோடு போனால் இங்கே நேரம் ஒதுக்குங்கள். ஹாஃபெல் ஊற்றைப் பார்த்துவிட்டு கிராட்செபூர்கில் தங்கலாம். மூன்றாம் நாள் காட்டையும் படகுக்காரர்களையும் கடந்து வேசன்பெர்க். நான்காம் நாள் ஃபூர்ஸ்டன்பெர்க். ஐந்தாம் நாள் ட்செடெனிக், ஆறாம் நாள் ஒரானியன்பூர்க். அங்கிருந்து பெர்லின் நகர ரயில் கிடைக்கும். அவகாசம் குறைவாக இருந்தால் மூன்றையும் நான்கையும் ஒன்றாக்கிவிடலாம்.

சாப்பாடு? இதில் அலட்சியம் வேண்டாம். வாரனை விட்டால் வேசன்பெர்க் வரை நல்ல கடை கிடையாது, நடுவில் ஒன்றரை நாள் வழி. ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களில் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். முதல் நாளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் மறுநாள் மதியம் வரை கெடாமல் தாங்கும், நான் அப்படித்தான் செய்கிறேன். மீன் சாப்பிடுகிறவர்கள் ஏரிக்கரை மீனவர் கடைகளில் புகையில் வாட்டிய மீனை ரொட்டிக்குள் வைத்துத் தருவதைக் கேட்டு வாங்குங்கள். சைவக்காரர்களுக்குத் தெற்கே பிராண்டன்பூர்க் மாநிலத்துப் பக்கம் அவித்த உருளைக்கிழங்கோடு கெட்டித் தயிர் போன்ற குவார்க்கும் ஆளிவிதை எண்ணெயும் கிடைக்கும். வயிறு நிறையும்.

சில்லறைக் காசு வைத்திருங்கள். கிராமத்து வேலியோரம் ஒரு மர அலமாரி நிற்கும். கதவைத் திறந்தால் முட்டை, செர்ரி ஜாம், தேன் பாட்டில், ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய விலைச்சீட்டு, மூலையில் துளை போட்ட தகர டப்பா. ஆள் இருக்க மாட்டார். காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கார்டு அங்கே உதவாது.

தண்ணீர் பிடிக்கும்போது குழாய் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘கைன் டிரிங்க்வாஸர்’ என்றால் குடிநீர் அல்ல என்று பொருள். கல்லறைத் தோட்டக் குழாய்களிலும் இப்படி எழுதியிருக்கும். சிற்றுண்டிக் கடையில் கேட்டால் பாட்டிலை நிரப்பித் தருவார்கள்.

இரவு தங்க, கூடாரம் அடிக்க முகாம் மைதானங்கள் நிறைய உண்டு. வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் சிறு விடுதிகளும் உண்டு. சைக்கிள்காரர்களை ஒரே இரவுக்கும் ஏற்றுக்கொண்டு, வண்டியைப் பூட்டி வைக்க இடமும் தரும் விடுதிகளுக்கு ‘பெட் ப்ளஸ் பைக்’ என்ற முத்திரை இருக்கும். கோடையில் முன்பதிவு செய்யுங்கள். காட்டுக்குள் எங்காவது கூடாரம் அடிக்கலாமே என்று தோன்றும். பூங்காவுக்குள் அது தடை. அடுப்பு மூட்டவும் கூடாது. மணல்மேல் நிற்கும் பைன் காடு கோடையில் பஞ்சு போலப் பற்றிக்கொள்ளும்.

உடம்பைப் பொறுத்தவரை ஒரே ஒரு எச்சரிக்கை: உண்ணி. புல்லிலிருந்து காலில் ஏறி, மடிப்புகளில் கடித்து ஒட்டிக்கொள்ளும், வலிக்காது. சிலவற்றின் கடியால் லைம் நோய் (நாளடைவில் மூட்டையும் நரம்பையும் தாக்கும் பாக்டீரியாத் தொற்று) வரும். தினமும் குளிக்கும்போது முட்டிக்குப் பின்னால், இடுப்பில், அக்குளில், குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். இருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நேரே இழுங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள், நசுக்காதீர்கள். பின்வரும் வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். உண்ணி பரப்பும் மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, தேவையா என்று கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டில் அடிபட்டால் அழைக்க வேண்டிய எண் 112. பல இடங்களில் செல்பேசி சிக்னல் கிடைக்காது, அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மரங்களில் எண் எழுதிய பச்சை மீட்புப் பலகைகள் இருக்கும். கடைசியாகப் பார்த்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் உங்களைத் தேடி அலையாது.

ஃபூர்ஸ்டன்பெர்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரைத் தாண்டியதும் ஏரியின் மறுகரையில் ராவென்ஸ்ப்ரூக். நாஜிகள் 1939இல் பெண்களுக்கென்று திறந்த வதைமுகாம். 1945 வரை பல நாடுகளிலிருந்து சுமார் 1,20,000 பெண்களும் குழந்தைகளும் இங்கே அடைக்கப்பட்டார்கள், பல்லாயிரம் பேர் இறந்தார்கள். எரித்தவர்களின் சாம்பலை இந்த ஏரியில்தான் கொட்டினார்கள். நினைவிடத்தில் நின்றால் எதிர்க்கரையில் ஊரின் தேவாலயக் கோபுரம் தெளிவாகத் தெரியும். முகாமிலிருந்தவர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். விடுமுறைப் பயணத்தில் இது எதற்கு என்று கடந்து போய்விடாதீர்கள். அனுமதி இலவசம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை கண்காட்சி அறைகள் மூடியிருக்கும், அதற்கேற்ப நாளை அமைத்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் உள்ளே செல்லாமல் ஏரிக்கரையில் அமர்ந்துவிட்டும் வரலாம்.

அதன்பின் பாதை ஹிம்மல்ப்ஃபோர்ட் வழியாகப் போகும். 1299இல் எழுந்த மடாலயத்தின் இடிபாடுகள் உள்ள சிற்றூர். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு உலகக் குழந்தைகள் எழுதும் கடிதங்கள் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் இந்த ஊர் அஞ்சலகத்துக்கு வருகின்றன. இங்கிருந்து ஆற்றில் லாக் (படகைத் தொட்டிக்குள் விட்டு, நீர்மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ அடுத்த பக்கம் அனுப்பும் கதவமைப்பு) ஒன்றன்பின் ஒன்றாக வரும். தண்ணீர் வடிய வடியப் படகுக்காரர்கள் சுவரோரக் கயிற்றைக் கைமாற்றிப் பிடித்தபடி இறங்குவதை ஒருமுறையாவது நின்று பாருங்கள்.

ட்செடெனிக் பக்கம் ஏரிகள் மாறிவிடும். சின்னதாக, கரை செங்குத்தாக, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். இவை பனிப்பாளம் செய்தவை அல்ல. 1887இல் ரயில்பாதை போடும்போது இங்கே களிமண் கண்டார்கள். செங்கல் சூளைகள் முளைத்தன, வளர்ந்துகொண்டிருந்த பெர்லினுக்குச் செங்கல் இந்த ஆற்றிலேயே படகில் போனது. மண் எடுத்த குழிகளில் நீர் நிறைந்ததுதான் இன்று நீங்கள் பார்ப்பது. மில்டன்பெர்க் என்ற இடத்தில் பழைய சூளை ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

கையில் ஒரே நாள்தான் இருக்கிறது என்கிறவர்களுக்கு? அப்போது மட்டும் திசையை மாற்றுங்கள். காலை ரயிலில் கிராட்செபூர்கில் இறங்கி, அங்கர்ஸ்ஹாகன் வழியாக வாரன் வரை மிதியுங்கள். சுமார் 35 கிலோமீட்டர். ஊற்றையும் காட்டையும் பார்த்துவிடலாம். கிராட்செபூர்கில் எல்லா வண்டியும் நிற்காது, நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரனில் ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் சில நிமிட வழிதான். மாலை வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டால், சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு மியூரிட்ஸில் கால் நனைக்க நேரம் இருக்கும்.